‘எல்லாம் போட்டுத் தந்திருக்கிறம்’

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கொக்குவிலில் வழமையாக நாங்கள் கூடுகிற விறாந்தையில் ஐந்தாறு பேர் இருந்து, அடுத்த வாசிப்புக்கு எந்தப் புத்தகத்தை எடுப்பது எண்டு சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். பக்கத்து ஒழுங்கைத் தங்கச்சி ஒருத்தி மடிக்கணினியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். கம்பஸில் இரண்டாம் வருடம்.

“அண்ணை, ராத்திரி ஏதோ அப்டேற் எண்டு வந்தது. விட்டிட்டுப் படுத்திட்டன். காலமை எழும்பிப் பாத்தா இப்பிடி நிக்குது.”

நீலத் திரை. ஆங்கிலத்தில் நாலு வரி. கீழே நீளமாக ஒரு பெட்டி. 48 இலக்கம் கொண்ட மீட்புத் திறப்பை அதற்குள் அடிக்கச் சொல்லி நிக்குது.

“இது எந்த ஈமெயில்ல ஓடுது?”

“தெரியாது அண்ணை. கடையில எல்லாம் போட்டுத் தந்தவை.”

எங்களில் ரெண்டு பேர் ஆளையாள் பார்த்தோம். என்ன நடந்திருக்கும் எண்டு விளங்கிவிட்டது.

இப்ப வருகிற மடிக்கணினிகளில் பெரும்பாலானவை தங்கள் வட்டை (டிஸ்கை) தாங்களே பூட்டிக்கொள்கின்றன. விண்டோஸ் 11ஐப் புதிதாகப் போட்டு, ஒரு மைக்ரோசொவ்ற் கணக்கால் உள்ளே போனவுடன் வட்டு முழுக்க மறைகுறியாக்கப்படுகிறது. 2024இல் வந்த பதிப்பிலிருந்து இது இன்னும் அதிகமான கணினிகளில் தானாகவே நடக்கிறது. கள்ளன் கொண்டுபோனாலும் வட்டைக் கழற்றி வாசிக்க முடியாது. அந்த வகையில் நல்ல விசயம். அன்றாடம் திறக்கிற திறப்பு உள்ளேயிருக்கிற ஒரு சிப்பில் இருக்கும். அடிப்படை மென்பொருளில் ஏதும் மாறினால் அந்தச் சிப் சந்தேகப்பட்டுத் திறக்க மறுக்கும். அப்ப கேட்கிறதுதான் அந்த 48 இலக்கம். அது எங்கே இருக்கும்? கணினியை முதன்முதல் செற் பண்ணின ஆளின் மைக்ரோசொவ்ற் கணக்கில்.

முதன்முதல் செற் பண்ணின ஆள் அவள் இல்லை.

கடைக்கு அடித்தோம். அந்த வேலை செய்த தம்பி இப்ப அங்கே இல்லை, கட்டாருக்குப் போயிட்டார். நம்பர் எடுத்து வட்ஸ்அப்பில் பிடித்தோம். நல்ல பெடியன். ஒளிக்கவே இல்லை. “அண்ணை, அந்த நேரம் வாற லப்ரொப் எல்லாத்துக்கும் ஒரே ஈமெயில்தான் போடுறனாங்கள். பாஸ்வேர்ட் மறந்துபோச்சு. கோட் பழைய சிம்முக்குத்தான் போகும். அந்த சிம் இப்ப இல்லை.” மன்னிப்புக் கேட்டார். அவரைப் பேசவும் எங்களுக்கு வாய் வரவில்லை.

அதைக் கேட்டதும் தங்கச்சிக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. வாங்கின புதுசில் டெஸ்க்ரொப்பில் ஆரோ ஒரு பெடியனின் சீவீ ஒன்று கிடந்ததாம். கடையில் மாதிரிக்குப் போட்டு விட்டிருக்கினம் எண்டு நினைத்து அழித்தாளாம். மாதிரியும் இல்லை, மண்ணும் இல்லை. ஒரே கணக்கில் ஓடுகிற கணினிகளுக்கு ஒரே வன்ட்ரைவ். அந்தப் பெடியனின் கோப்பு இவளிடம் வந்திருக்கு. இவளுடைய கோப்புகள் எத்தனை பேரின் திரையில் போய் விழுந்தனவோ!

கம்பஸ் நோட்ஸ் போனால் போகட்டும், கூட்டாளிகளிடம் எடுக்கலாம். போனது வேறு. அவளுடைய அப்பப்பா சின்ன வயதிலிருந்து கொக்குவிலில் சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். இந்த ஊரின் பெயரைத் தெற்கு வரைக்கும் கொண்டுபோனது அந்தச் சுருட்டுத்தான் எண்டு எங்களுக்கு வகுப்பில் ஆரும் சொல்லித் தரவில்லை. அவர் சொல்லித்தான் தெரியும். புகையிலையைப் பாணி போட்டுப் பதப்படுத்துகிறது, கோடா வாசம், கொட்டிலில் ஒருத்தர் பேப்பர் வாசிக்க மற்றவர்கள் சுத்திக்கொண்டே கேட்கிறது எண்டு ஒவ்வொரு பின்னேரமாக அவள் போனில் பதிந்து வைத்திருந்தாள். போன் நிரம்பிவிட்டது எண்டு எல்லாவற்றையும் மடிக்கணினிக்கு மாற்றிவிட்டு, போனில் அழித்தாள். தை மாதம் அப்பப்பா மோசம் போனார்.

இந்தக் கட்டுரையை எழுதச் சொன்னது அந்தப் பின்னேரம்தான். புதுக் கணினியை முதன்முதலாகச் செற் பண்ணுகிற அந்த ஒரு மணித்தியாலத்தை நாங்கள் ஒரு வேலையாகவே கணக்கெடுப்பதில்லை. கடைக்காரர் செய்யட்டும், மச்சான் செய்யட்டும், கொழும்பில் ஐரி படிக்கிற அண்ணா லீவில் வந்து செய்யட்டும். எங்களுக்கு வேண்டியது திறந்தவுடன் வேலை செய்கிற சாமான். ‘எல்லாம் போட்டுத் தந்திருக்கிறம்’ எண்ட வசனத்தைக் கேட்டால் எங்களுக்கு ஒரு நிம்மதி. இனிமேல் அதைக் கேட்டால் பயப்பட வேண்டும் என்பதுதான் எங்கள் கட்சி.

புது வீட்டுக்குப் போகிறோம். பால் காய்ச்சுகிறதை மேசனிடம் விடுகிறோமா? புது மோட்டச்சைக்கிளை மஞ்சவனப்பதியில் கொண்டுபோய் நிப்பாட்டி, மாலை போட்டு, தேசிக்காய் வைத்து நசித்து, வீட்டுக்காரர்தான் முதல் ஓட்டம் ஓடுகிறார். மடிக்கணினிக்கு மட்டும் முதல் ஓட்டம் கடைக்காரருக்கு.

காரணம் இல்லாமல் இல்லை. 2022 தொடக்கத்தில் 200 ரூபாவளவில் நிண்ட டொலர் சில மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அதற்குப் பிறகு மடிக்கணினி எண்டால் எங்கள் வீடுகளில் நகை அடகு வைத்தோ, கனடா மாமா அனுப்பினதாலோ வருகிற சாமான். பழைய கணினியை வைத்துச் சமாளிக்கலாம் எண்டால், விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொவ்ற் 2025 ஒக்ரோபர் 14ஆம் திகதியோடு நிப்பாட்டிவிட்டது. பழசுகளில் பலவற்றில் 11 முறைப்படி ஏறாது. ஆக, இந்த ஒரு வருசத்தில் புதிதாக வாங்குகிறவர்கள் கூட. இவ்வளவு காசு குடுத்து வாங்கினதில் ஏதாவது பிழையாக அமத்தி விடுவமோ எண்ட பயம் நியாயமானது. திரையில் வருவதெல்லாம் ஆங்கிலம். அம்மா பக்கத்தில் நிண்டு “தம்பி, தெரியாமல் ஒண்டையும் அமத்தாத” எண்டுகொண்டே இருப்பா.

ஆனால் இந்தப் பயம் எங்கள் ஊருக்குப் பொருந்தாத பயம். 90களில் மின்சாரமே இல்லாத இடத்தில் சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டவர்கள் எங்கள் அப்பாமார். பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் மோட்டச்சைக்கிள் ஓட்டினவர்கள். எதையும் கழற்றிப் பார்த்து, திருப்பிப் பூட்டி, மிஞ்சின ஆணியைப் பேணிக்குள் போட்டு வைத்த ஆக்கள். அவர்களுடைய பிள்ளைகள் நாங்கள் ஒரு ‘அடுத்து’ பட்டனை அமத்தப் பயந்து கடைக்குக் குடுக்கிறோம்.

சரி, அந்த ஒரு மணித்தியாலத்தில் கணினி என்னதான் கேட்கிறது?

முதலில் நாடு. இலங்கையைத் தெரிந்தால் நேரம் தானாக வரும். வராவிட்டால் பட்டியலுக்குள் போக வேண்டும். அங்கே ஐந்தரை மணித்தியாலம் எண்டு ரெண்டு இருக்கும். ஒன்று சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி. மற்றது ஸ்ரீ ஜயவர்தனபுர. ரெண்டும் ஒரே நேரம்தானே, பிறகேன் ரெண்டு எண்டு எங்களில் ஒருத்தி கேட்டாள். ஏனெண்டால் எப்போதும் ஒரே நேரமாக இருக்கவில்லை. 1996 மே மாதம் மின்சாரத் தட்டுப்பாட்டுக்காக நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள். அதே வருசம் ஒக்ரோபரில் அரை மணித்தியாலம் பின்னுக்கு. 2006 ஏப்ரலில்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தது. இடைப்பட்ட காலம் முழுக்கப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த இடங்கள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பாதை திறந்திருந்த நாட்களில் வன்னிக்குள் போனால் மணிக்கூட்டை அரை மணித்தியாலம் திருப்ப வேண்டும். அம்மாமார் இண்டைக்கும் ‘பழைய நேரம், புது நேரம்’ எண்டு கதைப்பது அதைத்தான். கடைக்காரர் ஒரு செக்கனில் அமத்தி விடுகிற பட்டியலுக்குள் இப்படி ஒரு கதை கிடக்குது. நாங்களே செற் பண்ணினபடியால்தான் எங்களுக்கு அது கண்ணில் பட்டது.

பிறகு பெயர். முதற் பெயர், கடைசிப் பெயர். இங்கேதான் எங்கள் ஆக்கள் முழிப்பது. எங்களுக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பாவின் பெயர் முன்னுக்கு வருகிறது, அதுவும் ஒரு எழுத்தாக. சிலர் அப்பாவின் பெயரைக் கடைசியில் போடுவார்கள், சிலர் தங்களுடைய பெயரையே ரெண்டாக உடைப்பார்கள். கணக்குத் திறந்து முடிய, கணினிக்குள் உங்களுக்கெண்டு ஒரு கோப்புறை உருவாகும். அதற்கு அது வைக்கிற பெயர் உங்கள் ஈமெயில் முகவரியின் முதல் ஐந்து ஆங்கில எழுத்து. எங்கள் கூட்டத்தில் ஒருத்தி இரண்டு வருசமாகத் ‘தர்ஸ்’ எண்ட கோப்புறைக்குள்தான் குடியிருக்கிறாள். மற்றத் தங்கச்சியின் கோப்புறையில் இருந்தது கடையின் பெயரின் முதல் ஐந்து எழுத்து. அதை ஒரு நாள் பார்த்திருந்தாலே ‘இது என்ர வீடில்லை’ எண்டு விளங்கியிருக்கும். ஆர் பார்க்கிறோம்?

கணக்கு. விண்டோஸ் 11 ஹோம் பதிப்பு இணையமும் மைக்ரோசொவ்ற் கணக்கும் இல்லாமல் நேர்வழியில் உள்ளே விடாது. கடைக்காரர்கள் ஒரே ஈமெயிலைப் போடுவதற்குக் காரணமும் இதுதான். வாங்க வருகிறவர் தன் பாஸ்வேர்ட்டை ஞாபகம் வைத்திருக்க மாட்டார், வரிசையில் வேறு ஆக்கள் நிப்பார்கள். இந்தக் கட்டாயம் எங்களுக்கும் பிடிக்கவில்லை. காசு குடுத்து வாங்கின பெட்டியைத் திறக்க அமெரிக்கக் கொம்பனியிடம் பதிவு வைக்க வேண்டுமா எண்டு கேட்கிற நண்பர்கள் லினக்ஸ் பக்கம் போய்விட்டார்கள். அவர்கள் கேட்பது சரியான கேள்வி. ஆனால் கணக்கு ஒன்று வேண்டியே தீரும் எண்டால் அது உங்களுடையதாக இருக்கட்டும். உங்களுடைய நம்பர், உங்களுடைய ஈமெயில். அண்ணாவுடையதும் இல்லை.

அண்ணாவுடையதும் இல்லை என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்துப் பெண்களிடம் உங்கள் மடிக்கணினியை ஆர் செற் பண்ணினது எண்டு கேட்டோம். அநேகமான பதில் அண்ணா, தம்பி, மச்சான், கடை. பாஸ்வேர்ட் அவர்களுக்கும் தெரியுமா? ஓம். மாத்தினனீங்களோ? இல்லை. ஒருத்திக்கு மூன்று வருசமாக 1234. வீட்டில் அறைக்கதவு பூட்டினால் “என்ன பூட்டிக்கொண்டு செய்யிறாய்” எண்டு கேட்கிற ஊரில், இந்தப் பூட்டின் திறப்பும் இன்னொருத்தரின் சட்டைப் பையில் கிடக்குது. திருத்தக் குடுக்கிற நேரம் பாஸ்வேர்ட்டை ஒரு துண்டில் எழுதி, மடிக்கணினியின் மேலேயே ஒட்டிக் குடுக்கிறோம். எவ்வளவு நல்ல கடையாக இருந்தாலும் அது தேவையில்லாத நம்பிக்கை. தனியுரிமை எண்டால் கள்ளத்தனம் எண்டு நினைக்கிற மாமாமாருக்கு ஒரு தகவல்: தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கெண்டு இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் எண்டு ஒன்று இருக்கு.

அடுத்து வரிசையாக நாலைந்து ஓம்-இல்லைக் கேள்விகள் வரும். இருக்குமிடத்தைச் சொல்லவா, நீங்கள் அடிக்கிறதைப் பார்த்துப் படிக்கவா, உங்களுக்கேற்ற விளம்பரம் காட்டவா. எல்லாவற்றுக்கும் இல்லை எண்டு சொன்னாலும் கணினி ஓடும். ‘தொலைந்தால் கண்டுபிடிக்க’ என்பதற்கு மட்டும் ஓம் சொல்லலாம். வன்ட்ரைவ் தானாக எல்லாவற்றையும் மேலே ஏற்றத் தொடங்கும். இலவசம் 5 ஜீபீதான், நிரம்பினவுடன் காசு கேட்டு மடல் வரும். போன் டேற்றாவில் செற் பண்ணுகிறவர்கள் அந்த வைஃபை இணைப்பை ‘அளவிடப்பட்ட இணைப்பு’ எண்டு குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் மாதப் பக்கேஜ் ஒரு இரவில் அப்டேற்றுக்குப் போய்விடும்.

இனி விசைப்பலகை. இதில் நாங்கள் கொஞ்சம் நிற்கத்தான் போகிறோம்.

கடையில் ‘எல்லாம்’ எண்டு போட்டுத் தருவதற்குள் தமிழ் எண்டால் பாமினி எழுத்துரு. எங்கள் நாட்டில் அச்சகம், சனசமூக நிலையம், கோயில் நோட்டீஸ், கல்யாணக் காட், அலுவலகக் கடிதம் எல்லாம் பாமினியில் வளர்ந்தவை. அதற்கு நாங்கள் நன்றிக்கடன் பட்டவர்கள். ஆனால் பாமினி என்ன செய்கிறது? அது கணினிக்குத் தமிழ் சொல்லிக் குடுப்பதில்லை. ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேசம் போட்டு விடுகிறது, அவ்வளவுதான். பாமினியில் ‘அம்மா’ எண்டு அடித்தால் கணினிக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். ‘தமிழ்’ எண்டால் ஜே, கே, பீ, ஓ, அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேசம் கலைந்து அதுதான் தெரியும். தேடினால் வராது. கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுகிற மென்பொருள் ‘எம் கே’ எண்டுதான் வாசிக்கும். ஒரு சனசமூக நிலையத்தின் பத்து வருசக் கூட்ட அறிக்கை ஒரு வட்டில் கிடந்தது. அதில் ‘கிணறு’ எண்டு தேடி ஒன்றும் அகப்படாமல், ஒவ்வொரு கோப்பாகத் திறந்து கண்ணால் தேடினோம். ரெண்டு நாள்.

யூனிகோட்டில் தமிழுக்கு 1991இன் முதல் பதிப்பிலேயே இடம் குடுத்தாச்சு. எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் அதற்குப் பிறகுதான் பிறந்தவர்கள். இன்னும் நாங்கள் வேசத்தில் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மாற்றுகிறதுக்குக் கடையே தேவையில்லை. விண்டோஸுக்குள் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் தமிழ் 99, அஞ்சல் ரெண்டும் உள்ளேயே இருக்கின்றன. தமிழ் 99 என்பது 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டோடு ஒட்டி வந்த ஒழுங்கு. உயிர் இடக்கைக்கு, மெய் வலக்கைக்கு. ஒரே மெய்யை ரெண்டு தரம் அடித்தால் முதலாவதுக்குப் புள்ளி தானாக விழும். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ எண்டு நாலே அடி. அஞ்சல், மலேசியாவின் முத்து நெடுமாறனின் வழி. ஆங்கில ஒலியில் அடித்தால் தமிழ் வரும். இலங்கைக்கெண்டும் எஸ்.எல்.எஸ். 1326 எண்டு 2008இல் ஒரு தரம் வந்தது, ரெங்கநாதன் விசைப்பலகையோடு. ஆனால் கடையில் அதைக் கேட்டுப் பாருங்கள், உங்களை விநோதமாகப் பார்ப்பார்கள்.

எங்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. பாதிப்பேர் அஞ்சல் மாதிரி ஆங்கில ஒலியில்தான் அடிக்கிறோம், ஏனெண்டால் போனில் பழகினது. மற்றப் பாதி, தமிழை அம்மா எண்டு நினைக்க முதல் இங்கிலீஷில் நினைக்கப் பண்ணுகிற முறை அது எண்டு திட்டுகிறார்கள். திட்டுகிறவர்கள் சொல்வதில் உண்மை இருக்கு எண்டுதான் எங்கள் முடிவு: புதுக் கணினி, புதுக் கை, தொடங்குவதெண்டால் தமிழ் 99. ஒரு கிழமை கை வலிக்கும், பிறகு ஓடும். பாமினியில் கை பழகின அக்காமார் அதை விடவே தேவையில்லை. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை மாதிரியானவற்றைப் போட்டால் அதே பாமினி விசையிலேயே யூனிகோட் எழுத்து வரும். பழைய கோப்புகளுக்குச் சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் மாற்றி இருக்கு. விரல் பழசாக இருக்கலாம், கோப்புத்தான் பழசாக இருக்கக் கூடாது.

தமிழ்த் தட்டச்சுக்குப் பொறி செய்த ஆர். முத்தையா யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்குப் போனவர். அந்தப் பொறிகள் ஜேர்மனியில் செய்யப்பட்டன. உயிர்மெய் எல்லாவற்றையும் ஒரு பொறிக்குள் எப்படி அடக்குவது எண்டு மண்டையை உடைத்தவர் எங்கள் ஊர்க்காரர். நாங்கள் பட்டியலில் ஒரு மொழியைச் சேர்க்கப் பஞ்சிப்படுகிறோம்.

இதில் ஒரு சின்ன எரிச்சலும் இருக்கு. திரையையே தமிழில் பார்க்க வேண்டுமெண்டால் அது ‘தமிழ் (இந்தியா)’ எண்ட பெயரில்தான் வரும். அதைப் போட்டுவிட்டு எக்ஸெலில் விளையாட்டுக் கழகக் கணக்கை எழுதினால் தொகைக்கு முன்னால் இந்திய ரூபாய்க் குறி வந்து நிக்கும். பிரதேச வடிவத்தைத் தனியாகப் போய் இலங்கை எண்டு மாற்ற வேண்டும். தமிழ் இலங்கையிலும் ஆட்சிமொழிதான், 1987இன் 13ஆவது திருத்தத்திலிருந்து. அது மைக்ரோசொவ்ற்றுக்கு இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லைப் போல.

‘எல்லாம்’ என்பதற்குள் இன்னொன்றும் இருக்கு: களவு ஒபிஸ். அதைப் போடுவதற்கு முதலில் வைரஸ் காவலை நிப்பாட்டுவார்கள். திருப்பிப் போட்டார்களா எண்டு பாருங்கள். கட்டுரை எழுத, கணக்குப் பார்க்க லிப்ரே ஒபிஸ் போதும். இலவசம், களவும் இல்லை. நாங்கள் இந்தப் பக்கத்துக்கு எழுதுவதெல்லாம் அதில்தான்.

எங்களுக்கு வருகிற எதிர்க்கேள்வி தெரியும். “உங்களுக்கு இங்கிலீஷும் தெரியும், நேரமும் இருக்கு. என்ர அம்மாவுக்கு?” நியாயம். ஆனால் பக்கத்தில் இருந்து சொல்லிக் குடுப்பது வேறு, வாங்கிச் செய்து குடுப்பது வேறு. எங்களில் ஒருத்தன் தன்னுடைய பெரியம்மாவுக்கு உதவினான். எலியை அவவின் கையில் குடுத்துவிட்டு, கதிரையை அரை முழம் பின்னுக்கு இழுத்துக்கொண்டு இருந்தான். ரெண்டரை மணித்தியாலம் எடுத்தது. நடுவில் ரெண்டு தரம் தேத்தண்ணி. பாஸ்வேர்ட் அடிக்கிற நேரம் பெரியம்மா திரும்பி, “அங்கால பாரடா” எண்டாவாம். இதைவிடப் பெரிய வெற்றி வேறென்ன!

கடைகளைப் பகைக்கச் சொல்லவில்லை. பெட்டியை உடைக்காமல் தரச் சொல்லிக் கேளுங்கள். உத்தரவாதத்துக்காக உடைத்து ஓட்டிக் காட்ட வேண்டும் எண்டால் காட்டட்டும். பிறகு உங்கள் முன்னாலேயே ‘இந்தக் கணினியை மீட்டமை’ எண்டு குடுத்து வெறுமனாக்கித் தரச் சொல்லுங்கள். ஏற்கெனவே வாங்கியாச்சு எண்டால் இண்டைக்கே அமைப்புகளில் கணக்கு எண்டு இருக்கிற இடத்தைப் பாருங்கள். அங்கே தெரியாத ஈமெயில் இருந்தால், முதலில் உங்கள் கோப்புகளை வெளியே ஒரு வட்டில் எடுத்து வைத்துவிட்டு, பிறகு மீட்டமையுங்கள். உங்கள் சொந்தக் கணக்கில் ஏறினதும் அந்த 48 இலக்கத்தை எடுத்துக் கடதாசியில் எழுதி, பிறப்புச் சான்றிதழும் ஓஎல் பெறுபேறும் வைத்திருக்கிற பைலுக்குள் போடுங்கள். போனில் படம் எடுத்து அதே கணினியில் போட்டு வைக்காதையுங்கோ. ஒருத்தர் அப்படியும் செய்திருந்தார்.

அந்த ஞாயிறு இரவு எட்டு மணிக்கு நாங்கள் தங்கச்சியிடம் சொன்னோம், இனி ஒரு வழிதான் இருக்கு, முழுக்க அழிக்க வேண்டும் எண்டு. கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கவில்லை. பிறகு “நானே அமத்திறன்” எண்டாள்.

நாடு, நேரம், பெயர், கணக்கு எல்லாம் அவளே குடுத்தாள். கோப்புறைக்கு அவளுடைய பெயரின் முதல் ஐந்து எழுத்து வந்தது. தமிழ் 99ஐச் சேர்த்துவிட்டு, விசை எங்கே எங்கே எண்டு ஒரு துண்டில் வரைந்து குடுத்தோம். வாசிப்புக்கு எந்தப் புத்தகம் என்பது அண்டைக்கு முடிவாகவில்லை. நாங்கள் எழும்பிப் போகிற நேரமும் அவள் விறாந்தை மூலையில் இருந்து ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தோம். புதுக் கோப்பு, பெயர் ‘அப்பப்பா’. முதல் வரியில், பாணி காய்ச்சுகிற கதையை அவர் எப்படித் தொடங்கினார் எண்டு ஞாபகத்திலிருந்து எழுதத் தொடங்கியிருந்தாள்.